தூசி துடைக்கும் சாஸ்திரம்

மூக்குக்கண்ணாடி மங்கினால் வேட்டித் தலைப்பால் ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி அணிந்துகொள்வது நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். என் தந்தையார் அப்படித்தான் செய்தார். அவரைப் பார்த்து நானும் அப்படியே செய்துவந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, விளக்கின் எதிரே சற்றுச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் வட்டவட்டமாக ஓடியிருந்த மெல்லிய கோடுகளைக் காட்டி, "ஐயா, இது கீழே விழுந்து வந்த கீறல் இல்லை, நீங்க தொடச்சுத் தொடச்சு வந்த கீறல்" என்று சொன்னார். துணியால் துடைக்கும்போது தூசி போய்விடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரே ஒரு மணல்மணி துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டால், அதுவே உளியாகி, நாம் எவ்வளவு அக்கறையோடு துடைக்கிறோமோ அவ்வளவு ஆழமாகக் கண்ணாடியை உழுதுவிடுகிறது. துடைப்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்பதை அன்றுதான் நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்காரரின் சொல் என் நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று போனாலும் சரி, ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிப் போனாலும் சரி, ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று ஒளியோடு சம்பந்தப்பட்ட பொருள்கள் விளைவதைக் காண்கிறோம். 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட் கோபேன் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தட்டைக் கண்ணாடி வார்த்துவருகிறது. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகளைச் செய்யும் வல்லமையோடு அமைக்கப்பட்டது. கைபேசியின் முகப்புக் கண்ணாடியைத் தயாரிக்கக் கார்னிங், ஆப்டிமஸ் ஆகிய நிறுவனங்கள் கூட்டாகத் தேர்ந்தெடுத்த இடமும் பிள்ளைப்பாக்கமே. சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் ஒருங்கிணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் காமிராவிலும் மிளகளவு வில்லைகள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. ஒரகடத்து மோட்டார் ஆலைகளில் முகவிளக்கின் கண்ணாடி முதல், பற்றவைக்கும் லேசர் இயந்திரத்தின் முனையிலுள்ள காப்புக் கண்ணாடி வரை, எத்தனையோ ஒளியியல் பரப்புகள் நாள்தோறும் கைமாறுகின்றன.

இப்பொருள்கள் அனைத்திற்கும் பொதுவான பகை தூசி. அந்தப் பகையை வெல்வதற்கு உலகம் கண்டுபிடித்திருக்கும் உபாயங்களில் மிகவும் நுட்பமானது, இமைப்பொழுதின் கோடியில் ஒரு கூறு போன்ற அற்ப நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்புகளால் துகளைப் பெயர்த்து எறியும் முறை. இந்த வித்தையை இயந்திரமாக விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதோடு இப்பகுதி திருப்தியடைந்துவிடக் கூடாது. அதன் அறிவையும் கைவசப்படுத்தி, ஒரகடத்திலேயே நம் பிள்ளைகளுக்குப் பொதுவில் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து.

இதன் அவசியத்தை உணர்வதற்கு, தூசி ஏன் ஒட்டுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மேசையின் மேல் கிடக்கும் கூழாங்கல்லைத் தட்டிவிட்டால் உருண்டு ஓடுகிறது. அதே கல்லை நொறுக்கி மாவாக்கித் தூவினால், மேசையைக் கவிழ்த்தாலும் அந்த மாவில் ஒரு பகுதி கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருள் ஒன்றே, சிறுத்தவுடன் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒரு துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் அதைப் பரப்போடு பிணைக்கும் அணுக்கவர்ச்சியோ பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. ஆகவே சிறுமை கூடக்கூடப் பிடிவாதமும் கூடுகிறது. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் அளவேயுள்ள துகளைக் கண்ணாடியோடு பிணைத்திருக்கும் விசை அதன் எடையைவிடப் பல இலட்சம் மடங்கு பெரியது. இதற்கு மேல், கடற்கரையை ஒட்டிய நம் பிரதேசத்தின் ஈரக்காற்று துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாலம் ஒன்றைக் கட்டி, அந்தப் பிடிப்பை மேலும் இறுக்குகிறது. ஈரம் அறவே நீங்கும்படி அறையை உலர்த்தினாலோ, நிலைமின்சாரம் தலைதூக்கி அதே வேலையைத் தான் செய்கிறது.

இதனால்தான் ஊதுவது உதவுவதில்லை. காற்றை எவ்வளவு வேகமாக வீசினாலும், பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் அந்தக் காற்று அநேகமாக அசைவற்று நின்றுவிடுகிறது; பெருவெள்ளம் தலைக்கு மேல் ஓடினாலும் ஆற்றின் அடியில் பாறையை அணைத்துப் படர்ந்திருக்கும் பாசி பெயராமலிருப்பதைப்போல, துகள் அந்த அடுக்குக்குள் சுகமாக அமர்ந்திருக்கிறது. இன்றைய கைபேசிக் காமிராவில் ஒளியை வாங்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அளவே உடையது. அதன் மேல் வந்து உட்காரும் ஒரு மைக்ரோமீட்டர்த் துகள், வீட்டு ஜன்னலை முழுவதும் அடைத்து நிற்கும் யானைக்குச் சமானம். உயர்தரத் தூய அறையின் கணக்கில், ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கலாகாது என்று விதி வகுத்திருப்பதன் காரணம் இதுவே. தலை முதல் கால் வரை வெள்ளையங்கி போர்த்தி, காற்று வீசும் அறை வழியாக நுழைந்து, கண் மட்டும் தெரியும்படி எட்டு மணி நேரம் வேலை செய்யும் நம் பெண்கள், அந்த விதியைத் தங்கள் உடம்பாலேயே காத்துநிற்கிறார்கள்.

இப்போது லேசரின் செயலைப் பார்ப்போம். ஒளியே ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர்தான் செல்கிறது. பத்து நானோவினாடி மட்டும் நீடிக்கும் ஓர் ஒளித்துடிப்பு ஒரு பரப்பின் மேல் விழுந்து, அங்கே ஈர்க்கப்பட்டால், அந்தப் பரப்பின் மேல்தோல் மட்டும் சட்டென்று சூடேறிச் சில நானோமீட்டர் தூரம் விம்முகிறது. அளவில் அது மிகச் சிறிய அசைவு. ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்திற்குள் அது நிகழ்ந்துவிடுவதால், மேலே உட்கார்ந்திருக்கும் துகள் அனுபவிக்கும் முடுக்கம் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒரு கோடி மடங்கை எட்டிவிடுகிறது. ஜமக்காளத்தின் இரு முனைகளையும் பிடித்து ஒரு முறை உதறினால் அதன் மேலுள்ள தூசி எப்படித் துள்ளிப் பறக்கிறதோ, அப்படியே துகள் பரப்பை விட்டுப் பறந்துவிடுகிறது. துணி படவில்லை, திரவம் படவில்லை, சூடு உள்ளே பரவுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இதிலேயே ஈரமுறை ஒன்றும் உண்டு. பரப்பின் மேல் நீராவியையோ சாராய ஆவியையோ மெல்லியதாகப் படியவிட்டு, பின்பு லேசரைச் செலுத்தினால், அந்த ஈரப்படலம் வெடித்து ஆவியாகி, உலர்முறையில் அசையாத துகளையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. மூன்றாவது முறையில் ஒளி பரப்பைத் தொடுவதே இல்லை. பரப்புக்கு இணையாக, அதற்குச் சற்று மேலே காற்றில் ஒளியைக் குவித்து ஒரு நுண்ணிய வெடிப்பை உண்டாக்கினால், அதிலிருந்து புறப்படும் அதிர்வலை தூசியைத் தூக்கிச் செல்கிறது.

லேசரால் அழுக்கை நீக்கலாம் என்ற எண்ணம் கலையின் பக்கத்திலிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியளிக்கும் செய்தி. 1972-இல் ஜான் ஆஸ்மஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சிதைந்துகொண்டிருந்த சிற்பங்களின் முப்பரிமாணப் பதிவுகளை எடுப்பதற்காக வெனிஸ் நகரத்திற்குச் சென்றவர், லேசர்த் துடிப்பு பட்ட இடத்தில் சலவைக்கல்லின் மேலிருந்த கரிய படிவு மட்டும் அகன்று, கல் தீண்டப்படாமல் நிற்பதைக் கண்டார். கருமை ஒளியை விழுங்குகிறது, வெண்மை அதைத் திருப்பியனுப்புகிறது. ஆகையால் அழுக்குத் தீர்ந்தவுடன் சுத்திகரிப்பும் தானாகவே நின்றுவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குள் இந்த உண்மை சிற்பத்திலிருந்து சிலிக்கானுக்கு வந்து சேர்ந்தது, 0.2 மைக்ரோமீட்டர் அளவேயுள்ள துகள்களையும் துடிப்பு லேசரால் திறம்பட அகற்ற முடியும் என்று 1991-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், கதிரியக்கப் பொருள்களின் துகள்களை மனிதக் கை படாமல் நீக்கும் நோக்கத்தோடு இத்துறையில் பல ஆண்டுகள் உழைத்து, இந்தச் சுத்திகரிப்பில் பரப்பின் தன்மைக்கே பிரதான பங்கு உண்டு என்பதை விளக்கி, இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் 'பிரமாணா' இதழில் 2010-இல் எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஏதோ அன்னியமான சமாசாரம் என்று வாசகர் எண்ண வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணுக்குள்ளேயே இந்தப் பிரயோகம் நடந்துகொண்டிருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, பொருத்தப்பட்ட வில்லையின் பின்புறமுள்ள இயற்கைச் சவ்வு மங்கிப் பார்வையை மறைக்கும்போது, கண் மருத்துவர் யாக் லேசரின் சில துடிப்புகளைச் செலுத்தி அச்சவ்வின் நடுவில் ஒரு சாளரத்தைத் திறந்துவிடுகிறார். கத்தி இல்லை, இரத்தம் இல்லை; சில நானோவினாடித் துடிப்பு உண்டாக்கும் நுண்வெடிப்பே அதைச் செய்கிறது. குவிமுனை இம்மி பிசகினால் வில்லையின் மேல் குழி விழும் என்பது மருத்துவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் அதைக் கையாளுகிறார். சென்னையில் 1929-இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன், 1981-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் தம் சகாக்களோடு செய்த சோதனையில், புறஊதா லேசர்த் துடிப்பு உயிர்த் திசுவைச் சுற்றிலும் சுடாமல் துல்லியமாகச் செதுக்குவதைக் கண்டறிந்தார். கருவிழியைத் திருத்திப் பார்வையைச் சீராக்கும் சிகிச்சை முறை அதிலிருந்தே வளர்ந்தது. ஒளியால் செதுக்கும் வித்தையில் தமிழ்நாட்டின் மூளைக்கு இப்படி ஒரு மூலஸ்தானம் இருக்கும்போது, தமிழ்நாட்டின் தொழிற்கூடங்களுக்கு மட்டும் அந்த வித்தையில் இடமில்லாமல் போவானேன்?

ஆனால் லேசரால் தூசி நீக்கும் இந்த முறையைச் சர்வரோக நிவாரணியாகப் புகழ்ந்துவிட்டு நகர்வது வாசகருக்குச் செய்யும் துரோகம். இதில் அபாயங்கள் உண்டு. அவற்றை அறியாதவன் கையில் இந்த இயந்திரம் நன்மையைக் காட்டிலும் தீமையையே அதிகம் செய்யும். உருண்டையான ஒரு துகள், தானே ஒரு வில்லையைப்போல் நின்று, தன் மேல் விழும் ஒளியைத் தனக்கு அடியில் ஒரு புள்ளியில் குவித்துவிடுகிறது. துகள் பறந்துவிடும், ஆனால் அது இருந்த இடத்தில் ஒரு குழி பாக்கியிருக்கும். கண்ணாடியின் மேல் பூசப்பட்ட பிரதிபலிப்புத் தடுப்புப் படலம், கண்ணாடியைவிட வெகு முன்னதாகவே சேதமடையக்கூடும். ஒளி ஊடுருவும் கண்ணாடி சில நிறங்களின் ஒளியை ஈர்ப்பதே இல்லையாதலால், எந்த அலைநீளத்தைத் தேர்வது, துகளைச் சூடாக்குவதா பரப்பைச் சூடாக்குவதா, ஈரப்படலம் வேண்டுமா வேண்டாமா என்பவற்றை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெயர்ந்த துகளை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அது நாலங்குலம் தள்ளி மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றிற்கும் மேலாக, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் தவறிப்போய் விழியில் பட்டால், வலி தெரியும் முன்பே விழித்திரை பாழாகிவிடும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த காப்புக்கண்ணாடியும், கதவு திறந்தவுடன் ஒளி நின்றுவிடும் பூட்டமைப்பும் இல்லாத இடத்தில் இந்தக் கருவியை இயக்குவது குற்றம் என்றே சொல்லுவேன்.

துகள் பெயரத் தொடங்கும் ஒளிவலிமை ஒன்று; பரப்பு சேதப்படத் தொடங்கும் ஒளிவலிமை மற்றொன்று. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. சில பொருள்களுக்கு அந்த இடைவெளி அகலம், சிலவற்றிற்கு நூலிழை, வேறு சிலவற்றிற்கு அது அறவே இல்லை. துகள் சிறுக்கச் சிறுக்க முதல் எல்லை உயர்ந்துகொண்டே போய் இரண்டாவது எல்லையை நெருங்குகிறது. எந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு என்பதை இயந்திரத்தோடு வரும் கையேடு முழுவதும் சொல்லிவிடாது. இங்கே இருக்கும் கண்ணாடி, இங்கே இருக்கும் பூச்சு, இங்கே காற்றில் மிதக்கும் தூசி ஆகியவற்றை வைத்து இங்கேயே அளந்து பார்த்தால்தான் தெரியும். இயந்திரத்தை வாங்கினால் போதாது, அறிவைப் பெற வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுவே.

ஆலை நிர்வாகம் அறிந்த நண்பர்கள் ஓர் ஆட்சேபத்தைக் கூறுவார்கள். மீயொலித் தொட்டியிலே அமிழ்த்தலாம், அயனியேற்றிய காற்றால் ஊதலாம், கரியமில வாயுவைப் பனித்தூளாக்கி வீசலாம், பாலிமர்ப் படலத்தைப் பூசி உலரவிட்டுத் தூசியோடு சேர்த்து உரித்தெடுக்கலாம். இவை மலிவானவை, பழகியவை, பெரும்பாலான வேலைக்குப் போதுமானவை. அப்படியிருக்க, விலையுயர்ந்த லேசர் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். இன்றைய வேலைகளில் பெரும்பகுதிக்கு அந்த முறைகளே போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருள்கள் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகின்றன. நேற்றுப் பொருட்படுத்தாத துகள் இன்று ஒரு பாகத்தையே கழித்துவிடுவதற்குக் காரணமாகிறது. ஒரு முறை ஒருங்கிணைத்துவிட்ட கருவியைத் தொட்டியில் அமிழ்த்த முடியாது. குறிப்பிட்ட ஓரிடத்தில் உள்ள துகளை மட்டும் தேடிப்பிடித்து நீக்கும் வேலைக்கு ஒளியைப்போல் கைக்கு அடங்கிய கருவி வேறில்லை.

இன்னொரு காரணம் நீர். கழுவிக் கழுவிச் சுத்தம் செய்யும் முறைகளுக்கு உப்பும் அயனியும் நீக்கிய பரிசுத்தமான நீர் ஏராளமாகத் தேவைப்படுகிறது. அதனோடு அசிட்டோன், ஐசோபுரொபைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் சேர்கின்றன. அவற்றின் ஆவி தொழிலாளியின் நெஞ்சுக்கும் எச்சம் நிலத்துக்கும் போகின்றன. இந்தத் தொழிற்பகுதியின் பக்கத்தில் இருப்பது செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கன அடி நீரைத் தாங்கி, சென்னை மாநகரத்தின் தாகத்தைத் தணிக்கும் ஏரி. அதன் நீர்மட்டத்தைக் கோடைதோறும் பத்திரிகையில் அடி கணக்கில் படித்துக் கவலைப்படும் நாம், ஒரு சொட்டு நீரும் ஒரு சொட்டுக் கரைப்பானும் இல்லாமல் தூசியை நீக்கும் முறை ஒன்று இருக்கும்போது, அதை எங்கெங்கே கையாளலாம் என்று ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் காரணத்திற்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகத்திற்கே கைபேசி செய்து அனுப்பிய பின், 2014 நவம்பரில் வேலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வீடு திரும்பினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். கைத்திறன் இல்லாதவர்களும் அல்லர். ஆயினும் அவர்கள் கற்றிருந்தது அந்த வரிசையில், அந்தப் பாகத்தை, அந்த இடத்தில் பொருத்தும் பழக்கம். வரிசை நின்றதும் அந்தப் பழக்கத்திற்கு வெளியே விலையில்லாமல் போயிற்று. ஒரு பரப்பு ஏன் அழுக்காகிறது, எதனால் அது அகலும், எந்த எல்லைக்கு மேல் அது சேதப்படும் என்று காரணகாரியத்தோடு அறிந்த ஒருத்திக்கு, கைபேசி ஆலை மூடினால் கண்வில்லை செய்யும் இடத்தில் வேலை உண்டு. அது இல்லையென்றால் சூரியத் தகட்டில், அதுவும் இல்லையென்றால் தொலைநோக்கியின் ஆடியில் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும், சுங்குவார்சத்திரத்தின் மிளகளவு வில்லைக்கும் தூசி ஒரே தூசிதான். தொழிற்சாலைகள் வரும், போகும். காரணம் அறிந்த கல்வி தொழிலாளியோடு நடந்து செல்லும்.

இத்தகைய கல்வியைச் சுத்திகரிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. பெருக்குவதும் துடைப்பதும் கழுவுவதும் நம் சமூகத்தில் நெடுங்காலமாக அறிவில்லாதோர் தொழிலாக இழித்துரைக்கப்பட்டன. அந்த இழிவு ஜாதியோடு பிணைக்கப்பட்டுத் தலைமுறைகளின் முதுகை வளைத்தது. அது நாம் வெட்கப்பட வேண்டிய வரலாறு. இன்று தொழிலின் மிக உயர்ந்த படியில், பொருளை உருவாக்குவதற்குச் சமமான அறிவு அதைப் பரிசுத்தமாக வைப்பதற்கும் தேவைப்படுகிறது; பௌதிகம், இரசாயனம், ஒளியியல் மூன்றும் கைகோத்து நின்றால்தான் ஒரு கண்ணாடியின் மேலுள்ள ஒரு தூசியை நீக்க முடிகிறது. ஆயினும் நம் ஆலைகளில் சுத்தம் செய்யும் பிரிவில் இருப்பவர்களைக் கடைசிப் படியில் வைத்து ஒப்பந்தக் கூலியாக நடத்தும் மனப்பான்மை இன்னும் போகவில்லை. இந்தத் துறையை ஒரு படிப்பாக, ஒரு பட்டயமாக, ஒரு பதவியாக உயர்த்தினால், அந்தப் பழைய இழிவின் வேரில் நாம் ஒரு கோடாலியை வைத்தவர்களாவோம்.

செய்ய வேண்டுவது என்ன? ஒன்று, ஒரகடத்து அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் 2023 ஜூன் மாதம் நவீனத் தொழில்நுட்பக் கூடம் திறக்கப்பட்டது. மாநிலமெங்கும் 71 நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பிக்கும் திட்டத்தின் ஒரு பகுதி அது. அந்தக் கூடத்திலேயே ஒளியியல் பரப்புகளின் சுத்திகரிப்புக்கென ஓர் அறையை ஒதுக்க வேண்டும். இரண்டு, மோட்டார் வாகனங்களுக்கென ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த ஆராய்ச்சி மையத்தில் பல நிறுவனங்களும் தங்கள் வாகனங்களைச் சோதித்துக்கொள்வதைப்போல, சிறு தொழில்முனைவோரும் தங்கள் கண்ணாடியையும் வில்லையையும் கொண்டுவந்து, அவற்றின் சுத்த எல்லையையும் சேத எல்லையையும் அளந்துகொண்டு போகும்படியான பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ஏற்படுத்த வேண்டும். மூன்று, பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகிய ஸ்தாபனங்களிடம் இருக்கும் அறிவை அந்தக் கூடத்திற்கு அழைத்துவர வேண்டும். நான்கு, பாடமும் பாதுகாப்பு விதியும் தமிழில் எழுதப்பட வேண்டும். விழிக்கு ஆபத்தான ஒரு கருவியின் எச்சரிக்கை, அதை இயக்குபவளுக்குத் தாய்மொழியில் புரியாமலிருப்பது மன்னிக்க முடியாத பிழை.

இது பேராசை என்று யாரேனும் கூறினால், மதுரையைப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வேன். கண்ணுக்குள் பொருத்தும் வில்லை ஒரு காலத்தில் அயல்நாட்டிலிருந்து ஏழைக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்தது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து தொடங்கிய அரோலேப், அதை இங்கேயே செய்து, பல மடங்கு குறைந்த விலையில் நம் நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் கொடுத்தது. உயிருள்ள கண்ணுக்குள் வைக்கத்தக்க தூய்மையை மதுரையில் சாதிக்க முடிந்த நமக்கு, ஒரகடத்தில் அதைக் கற்பிப்பது இயலாத காரியம் ஆகாது.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று பெற்ற இரகசியப் பொருளை, அவர் திருக்கோஷ்டியூர்க் கோயிலின் மேல் ஏறி நின்று, விரும்பிய அனைவருக்கும் வெளிப்படையாக அறிவித்தார் என்று குருபரம்பரை வரலாறு சொல்லுகிறது. அவர் பிறந்த மண்ணில் இன்று எத்தனையோ நுட்பமான அறிவுகள் மதில்களுக்குள்ளே, ஒப்பந்தத்தாள்களுக்குள்ளே அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமையையும் மதிப்போம். ஆயினும் இயற்கையின் விதிகள் எவருடைய வியாபார இரகசியமும் அல்ல. அவற்றைப் பொதுவில் கற்பிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஒரகடத்துப் பயிற்சிக் கூடத்தில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு சிறிய துடிப்பு லேசர், ஒரு நுண்ணோக்கி, ஒரு கண்ணாடித் துண்டு. பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெண் காப்புக்கண்ணாடியை அணிந்துகொண்டு, முதலில் அந்தத் துண்டின் மேலுள்ள துகள்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். ஒரு துடிப்பைச் செலுத்துகிறாள். மறுபடியும் எண்ணி எழுதுகிறாள். எத்தனை போயின, எத்தனை நின்றன, கண்ணாடியில் புதிதாகக் குழி விழுந்ததா என்று பார்த்து, ஒளியின் அளவைச் சற்றே மாற்றி மறுபடியும் தொடங்குகிறாள். இவ்வளவுதான் நான் கேட்பது. பெரிய பெரிய ஆலைகளுக்கு நிலமும் நீரும் மின்சாரமும் கொடுக்க முடிந்த அரசாங்கத்திற்கு, அந்தப் பெண்ணுக்கு ஒரு மேசை கொடுப்பது பெரிய காரியம் அல்ல.